மணியைப் பார்த்து விளையாடியவள்

அவள் விளையாடும் விதம் எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காததைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால், போன மாதம் நான் பட்ட அவமானம்தான் காரணம்.

டிவியில் சொருகி விளையாடும் பழைய சண்டை விளையாட்டுகள் பத்துப் பதினைந்தை ஒன்றாகக் கட்டி, ஒரே தொகுப்பு என்று இப்போதுள்ள புதுப் பெட்டிகளுக்கு விற்கிறார்கள். பழைய சோற்றைப் புதுத் தட்டில் வைத்த மாதிரிதான். திட்டிக்கொண்டே வாங்கினேன். சென்னையில் தனியாக இருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன வேலை? போட்டதும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எதிரில் வந்தவர்களை வரிசையாக அடித்துச் சாய்த்தேன். பிறகு, அவள் விளையாடுவாளே, அந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம் என்று தோன்றியது. தோற்றேன். மறுபடியும் தோற்றேன். சாயங்காலம் வரை தோற்றுக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்தது. இவள் எப்படி ஜெயித்தாள்?

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கடியப்பட்டணத்தைத் தாண்டி ஒரு கடலோர ஊர். பிளஸ் டூ வரைக்கும் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அதன் பிறகு நான் நாகர்கோவிலில் கணக்குப் படிக்கப் போனேன், அவள் மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் சேர்ந்தாள். என் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். ஒரு லீவுக்கு வரும்போது, கூடத் தங்கியிருந்தவர் விட்டுவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டியை எனக்காகக் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு குறுந்தகடு. அதில் முழுக்கப் பழைய சண்டை விளையாட்டுகள். ஊரில் பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஒரு சாமான் வந்தது அதுதான் முதல் தடவை. ஆம்பளைப் பயல்கள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவளுக்கு மட்டும்தான் கதவு.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். தலைக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் கோடு. அடி வாங்க வாங்கக் கோடு குறையும். தீர்ந்துபோனால் ஆள் விழுவான். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு எண் இறங்கிக்கொண்டே வரும். அதுதான் நேரம். நேரம் முடியும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால், யாருக்குக் கோடு அதிகமாக மிச்சமிருக்கிறதோ அவர் ஜெயித்தார். இந்த இரண்டாவது சட்டம் இருப்பதே அவள் வந்து உட்காரும்வரை எனக்குத் தெரியாது. நான் அவ்வளவு நேரம் யாரையும் நிற்கவிட்டதில்லை.

அவள் ஆள் தேர்ந்தெடுக்க மாட்டாள். திரையில் கட்டம் எந்த முகத்தின் மேல் நிற்கிறதோ அந்த முகத்தையே எடுத்துக்கொள்வாள். குண்டனோ கிழவனோ அவளுக்கு ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும். எங்கேயோ ஒரு சின்ன உதை விடுவாள். என் கோட்டில் நகக்கண் அளவு குறையும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அவள் ஆள் முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு, கையைத் தூக்கித் தடுத்துக்கொண்டு நிற்பான். நான் பாய்வேன், குதிப்பேன், நெருப்பு எறிவேன். அவள் கண் ஆட்களின் மேலேயே இருக்காது. நடுவில் இறங்கும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, அடிக்க வாட்டி! என்னத்துக்கு ஓடுத?"

"ஓடல்ல மக்கா. இங்கனதான நிக்கேன்."

"இதுக்குப் பேரு சண்டையா?"

"மணி தீந்துட்டு பாரு. யாருக்குக் கூடக் கெடக்கு?"

அவளுக்குத்தான் கூட இருக்கும். நகக்கண் அளவு. நான் ரிமோட்டைத் தூக்கி மெத்தையில் எறிவேன். அவள் அதை எடுத்து, ஒயரைச் சுற்றி, பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "நாளைக்கு வாறேன்" என்று போய்விடுவாள். ஒரு தடவை பாதி ஆட்டத்தில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் அது போகாத நாள் கிடையாது. இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது.

"நாந்தான ஜெயிச்சேன்?"

"மணி தீரல்லியே!"

"கரண்ட் போயிட்டுல்லா. இனி ஏது மணி?"

அன்றைக்கு நான் அவளோடு பேசாமல் சோறு தின்னப் போனேன்.

விளையாட்டில் மட்டும் இப்படி என்றால் விட்டிருப்பேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். தெருக்குழாயில் காலையில் தண்ணீர் வரும்போது வரிசையில் நின்ற ஒரு பெண் அவள்மேல் பாய்ந்தாள். குடத்தை முன்னால் நகர்த்திவிட்டாளாம். நகர்த்தியது வேறு ஆள். குடும்பம், பிறப்பு, வளர்ப்பு என்று அந்தப் பெண் ஒன்றையும் விடாமல் இழுத்துவைத்துப் பேசினாள். நானாக இருந்தால் குடத்தாலேயே போட்டிருப்பேன். இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஏதோ கதை கேட்கிற மாதிரி, "உம்", "உம்" என்று நின்றாள். வரிசை நகர்ந்தது. கத்தியவள் கத்துகிற மும்முரத்தில் தன் முறையை விட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் பிடித்துக்கொண்டு போனாள், அதற்கும் பின்னால் நின்ற இவளும் பிடித்தாள். தண்ணீர் நின்றுபோனது. காலிக் குடத்தோடு அந்தப் பெண் நின்றதைப் பார்த்து ஊரே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. தன் குடத்திலிருந்து அவளுக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தாள். அது இரக்கமா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கை நீட்டாத ஒரு கிழவரைப் பற்றி அவளே சொன்னாள். சீனியர் நர்சுகள் மிரட்டிப் பார்த்தார்களாம். இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பேசுனா?"

"ஒண்ணும் பேசல்ல."

"பின்ன?"

"அவருக்கு ஒண்ணுக்குப் போணும்னு இருந்துது. நான் எந்திரிக்காம அவரால எறங்க முடியாது. பைய கைய நீட்டிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

2008 தொடக்கத்தில் அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. பக்கத்து ஊர், கத்தாரில் வேலை, கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்திருந்தார். பிப்ரவரிக் கடைசியில் திரும்பிப் போக வேண்டும். ஆள் மோசமில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அமைதியாக உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தவர். பிரச்சனை அவருடைய அம்மா. "படிச்சது மதி, இனி படிக்காண்டாம். எனக்கும் வயசாச்சு, வீட்டுல ஒரு ஆள் வேணும்" என்று அந்த அம்மா பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டது. இவளுக்குக் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஆறேழு மாதம் இருந்தது. கல்யாணம் நடந்தால் பரீட்சை கிடையாது, வேலை கிடையாது, படித்ததெல்லாம் தண்ணீரில் போன மாதிரிதான். இவளுடைய அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா கொல்லத்தில் மீன்பிடிப் போட்டில் தொழில் பார்த்தார். போனில் "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லுட்டி" என்றேன்.

"பாப்போம்."

"என்னத்தப் பாக்கது? உனக்குப் படிக்கணுமா வேண்டாமா?"

"படிக்கணும்."

"அத உங்க அம்மைக்க கிட்டச் சொல்லு!"

"சொல்லியாச்சு. அடிச்சா." கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "கெடக்கட்டு. பாப்போம்."

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. நாகர்கோவிலுக்குச் சேலை எடுக்கக் கூப்பிட்டார்கள், போனாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிறம் சொன்னதும், "நல்லா இருக்கு மாமி" என்றாளாம். அவளுடைய அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தது. நான் அவளோடு பேச்சைக் குறைத்தேன். முதுகெலும்பு இல்லாதவள் என்று நினைத்தேன். நினைத்ததை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கும் "உம்" என்றாள்.

எங்கள் கத்தோலிக்க ஊர்களில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் பங்குச் சாமியாரிடம் போய் மந்திரம் சொல்ல வேண்டும். மந்திரம் என்றால் செபங்கள்தான். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, திருச்சபைக் கட்டளை எல்லாம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். தேறினால்தான் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. அதற்குப் பிறகுதான் கல்யாணம். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் வரை எங்கள் கோவிலில் தாலி ஏறாது. அந்த வருடம் சாம்பல் புதன் பிப்ரவரித் தொடக்கத்திலேயே வந்து நின்றது.

மந்திரம் சொல்வது இவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஞாயிறு மறைக்கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். ஒரு எழுத்து தப்பினாலும் முதலிலிருந்து சொல்ல வைப்பாள். அதனால் முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா கூட வரவில்லை. துணைக்கு நான் போனேன். சாமியார் வீட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

விசுவாசப் பிரமாணம் நன்றாகத்தான் தொடங்கியது. இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதிய பிலாத்துவின் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டாள். சாமியார் காத்திருந்தார். இவள் கூரையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றாள்.

"என்ன பிள்ளே, நீ சொல்லிக்குடுக்க டீச்சர்தான?"

"மறந்து போச்சு ஃபாதர்."

"பயப்படாத. அடுத்த சனி வா."

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். "உனக்கு என்னட்டி ஆச்சு?"

"தெரியல்ல. தல சுத்துது."

நம்பினேன். பாவம், மனக்கஷ்டத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மாவும் வந்தது. பிலாத்துவைத் தாண்டிவிட்டாள். பத்துக் கட்டளையில் ஆறாவதும் ஒன்பதாவதும் இடம் மாறின. திருத்தினார். வேறு இரண்டு இடம் மாறின. சாமியார் கறாரான மனிதர். வேறு பெண்ணாக இருந்தால் கூட விட்டிருப்பார். மறைக்கல்வி டீச்சருக்கே தெரியவில்லை என்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார். சாம்பல் புதனுக்குள் மூன்று ஞாயிறு கிடையாது, ஓலை முறைப்படி நடக்காது என்பதும் அன்றைக்குத் தெளிவானது. அவளுடைய அம்மா கோவில் முற்றத்தில் வைத்தே தலையில் அடித்துக்கொண்டது. "சவமே, என் மானத்த வாங்கப் பொறந்தியா?"

திங்கட்கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துபோனது. அவள் பஸ்ஸுக்குப் போகும்போது அவளிடம் படித்த வாண்டுகளே "டீச்சர், பிலாத்து! டீச்சர், பிலாத்து!" என்று பின்னால் ஓடினார்கள். மீன் வாங்கப் போனால் அங்கே ஒருத்தி, "இவளுக்கு இயேசு நாதர் பேராவது தெரியுமாட்டி?" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் நடுவில் நடந்து போனாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒருநாள் முகம் கழுவ வந்தவள் நெடுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றதைப் பார்த்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நேரில் வந்துவிட்டார்கள். மூன்று ஓலையையும் ஒரே பூசையில் வாசிக்கச் சொல்லலாம், சாமியார்கள் அப்படி விட்டுக்கொடுப்பதுண்டு. மாப்பிள்ளை தன் ஊரில் ஒரே மூச்சில் ஒப்பித்துத் தேறியவர். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். இவள் தொடங்கினாள். விசுவாசப் பிரமாணம் முழுதாக வந்தது. பத்துக் கட்டளையும் வரிசையாக வந்தது. அவளுடைய அம்மாவுக்கு மூச்சு வந்தது. திருச்சபைக் கட்டளைகளில் ஒன்றே ஒன்று வரவில்லை.

"இன்னும் ஒண்ணு உண்டு. யோசி" என்றார் சாமியார்.

யோசித்தாள். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் நெளிந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் பொறுமை இழந்து சாமியாரே சத்தமாகச் சொன்னார். திருச்சபை விலக்கிய காலத்தில் கல்யாணம் நடத்தக் கூடாது என்கிற கட்டளை அது.

"தெரியாத பிள்ளைக்கு ஓலை வாசிக்க நான் ஆளில்ல. அடுத்த வாரம் வரட்டு" என்று எழுந்தார்.

"அடுத்த சனிக்குள்ள சாம்பல் புதன் வந்துருமே ஃபாதர்" என்றது மாப்பிள்ளையின் அம்மா. "புதன் கழிஞ்சாலும் பரவாயில்ல. மேளதாளம் இல்லாம சும்மா ஒரு பூசை வச்சித் தந்தா மதி. அவனுக்கு லீவு தீருதுல்லா?"

சாமியார் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நான் இப்பம் என்னத்தம்மா சொன்னேன்? இத்தன பேரு கேக்கச் சொன்னேன்லா? சொன்ன வாயாலயே மாத்தச் சொல்லுதியளா?"

நான் அவளைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு தோற்றேன் என்றேனே, ஏன் தோற்றேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். தடுத்துக்கொண்டே நின்றால் அடி படாது என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். படும். பெரிய அடிகளைத் தடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் கோடு துளித்துளியாகக் குறைகிறது. சும்மா நிற்பவன் நேரம் முடிவதற்குள் செத்துப்போவான். சரி, பின்னாலேயே போவோம் என்றால் திரையின் மூலையில் முதுகு முட்டிவிடும், அதற்குப் பிறகு தப்ப வழியில்லை. அதனால் அடிக்கடி முன்னால் போயாக வேண்டும். எதிரியின் கைக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும். எந்த அடியை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒருநாளும் மூலையில் மாட்டியதில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சேலைக் கடையில் "நல்லா இருக்கு மாமி" என்று அவள் முன்னால் ஒரு எட்டு வைத்ததும்தான்.

அவள் பரீட்சை எழுதினாள், தேறினாள், குவைத்துக்குப் போனாள், அங்கிருந்து ஏதோ குளிர் நாட்டுக்குப் போய்விட்டாள். அவளே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. எங்களுக்குள் தொடர்பு விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. என்னோடு தொடர்பு வைத்துக்கொள்வது கஷ்டம், அவ்வளவுதான்.

சாம்பல் புதனன்று மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகக் காலையில்தான் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அம்மா பேச்சை நிறுத்தியிருந்தது. அந்தப் பேச்சு திரும்ப வர மாதக்கணக்கு ஆனது. நெற்றியில் சாம்பலோடு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்தாள். எந்த முகத்தின் மேல் கட்டம் நின்றதோ அதையே அழுத்தினாள்.

ஆட்டம் தொடங்கியதும் அவள் ஆள் நேராக என்னை நோக்கி வந்தான். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் கோட்டில் பாதி போய்விட்டது. எழுந்தேன், அடித்தாள். குதித்தேன், வானத்தில் வைத்தே அடித்தாள். பின்னால் போனேன், மூலையில் முதுகு முட்டியது. நடுவில் இருந்த எண் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் ஆள் விழுந்தான்.

"ஏட்டி! ஒனக்கு அடிக்கத் தெரியுமா?"

"தெரியாம பின்ன?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. "அப்பம் அந்த மந்திரம்... பிலாத்து... எல்லாம் வேணும்னே செஞ்சதா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த சாம்பலைப் பாவாடையில் துடைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று சனிக்கிழமை அவளோடு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தவள் நான். முதுகெலும்பு இல்லாதவள் என்று நான் சொன்னபோதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னட்டி? நான் என்ன மத்தவளா?"

"சொல்லியிருந்தா நீ எனக்காகச் சண்டைக்குப் போயிருப்பே மக்கா" என்றாள்.